மூணு மாசத்துக்கு மூச்சு விடக்கூடாது

குஞ்சு பொரிக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மூக்கு ஒரு அலங்காரம்தான். முகத்தின் நடுவில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்திருப்பார்கள். சேர்ந்த புதிதில் மட்டும் அது ரொம்ப ஆர்ப்பாட்டம் பண்ணும். அப்புறம் தானாக அடங்கிவிடும். கூமுட்டை ஒன்று தட்டிலேயே வெடித்து, சுவரெல்லாம் தெறித்தால்கூட, யாரோ வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்ட மாதிரி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில், வருஷக்கணக்காக நின்று பழகிய டார்ச்சுக்கு ஒருநாள் காலையில் திடீரென்று மூக்கு முளைத்தது.

டார்ச் என்பது அவள் பெயரல்ல. அது அவள் வேலை. மெஷினில் வைத்து ஒரு வாரம் சூடு காட்டிய முட்டைகள் தட்டுத் தட்டாக இருட்டறைக்கு வரும். அங்கே ஒரு மரப்பெட்டிக்குள் விளக்கு எரியும். பெட்டியில் முட்டை உட்காரும் அளவுக்கு ஒரு ஓட்டை. அவள் ஒவ்வொரு முட்டையாக அந்த ஓட்டையில் வைத்து, ஒரு திருப்புத் திருப்பிப் பார்ப்பாள். உள்ளே சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது, வலது பக்கம். வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால் வெத்து, இடது பக்கம். நரம்பெல்லாம் அறுந்து மோதிரம் மாதிரி ஒரு ரத்த வளையம் மட்டும் நின்றால், பிடித்தது நிற்கவில்லை என்று அர்த்தம். அதுவும் இடது பக்கம். ஒரு முட்டைக்கு அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் சாதாரண ஜனங்கள் ஒரு தும்மல்கூடத் தும்மி முடிக்க முடியாது.

அன்றைக்கு முட்டை வெடிக்கக்கூட இல்லை. பக்கத்து அறையில் புதுப்பஞ்சு மாதிரி இருந்துகொண்டு ஓயாமல் கத்திய குஞ்சுகளின் ஈரவாடைதான் கதவிடுக்கில் வந்தது. தினமும் வருகிற வாடை. அவள் கையில் இருந்த முட்டையைப் பத்திரமாகத் தட்டில் வைத்தாள், வெளியே ஓடினாள், தட்டு கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குடல் வாய்க்கு வரும்படி வாந்தி எடுத்தாள்.

தட்டு கழுவுகிறவள், “என்ன சாப்பிட்டே?” என்றாள்.

ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்ல வாய் திறந்தவள், “பழைய ரொட்டி” என்று சொல்லிவைத்தாள். அந்தப் பொய் வாயிலிருந்து விழுந்தபோதே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆரம்பித்துவிட்டது பார், போன தடவை மாதிரியே.

மருந்துக்கடையில் வாங்கிய குச்சியில் மறுநாள் ரெண்டு கோடு விழுந்தது. இரண்டாவது கோடு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே விழுந்த மாதிரி மங்கலாக இருந்தது. அவள் என்ன செய்தாள் என்றால், அதை வேலைக்கு எடுத்துக்கொண்டுபோய், இருட்டறையில் விளக்குப் பெட்டியின் ஓட்டைமேல் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். பழக்கதோஷம். பிறகு மெஷின் அறையில் இருந்த புருஷனைக் கூப்பிட்டாள்.

அவன் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவன். சூடு, ஈரம், தட்டு சாயும் நேரம் மூன்றும் அவன் பொறுப்பு. பீரோ பீரோவாக நிற்கும் அந்த மெஷின்களோடு பேசுவதில் பாதிகூட மனிதர்களோடு பேசமாட்டான். குச்சியை வாங்கிப் பார்த்தான். தலைகீழாகவும் பார்த்தான்.

“கரு பிடிச்சிருக்கா?” என்று கேட்டான்.

“பிடிச்சிருக்கு.”

அவனுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. அதை உடனே மூடிக்கொண்டு, “அம்மாகிட்ட சொல்லணும்” என்றான்.

“சொல்லணும். சொன்னா அவங்க என்ன சொல்லுவாங்கன்னும் நீயே சொல்லிடு.”

அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவன் அம்மாவின் சட்டம் ஒரே வரிதான்: மூணு மாசத்துக்கு மூச்சு விடக்கூடாது.

அத்தையும் அதே கூடத்தில்தான் வேலை. குஞ்சு எண்ணும் அறை அவள் ராஜ்ஜியம். இரண்டு கையாலும் குஞ்சுகளை அள்ளிப் பெட்டியில் போட்டு எண்ணிக்கொண்டே மகனைத் திட்டுவாள், மருமகளுக்குப் புத்தி சொல்லுவாள், சூப்பர்வைசரைப் பற்றிப் புறம் பேசுவாள். எண்ணிக்கை மட்டும் தப்பாது. அவள் பயப்படுவது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான். குஞ்சுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போகும் வேன் டிரைவர். அவனுக்குப் பெயர் ஹாரன். வண்டியில் ஹாரன் கெட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. அவனே போதும் என்று முதலாளி மாற்றாமல் விட்டுவிட்டதாகச் சொல்லுவார்கள். காலையில் கூடத்தில் யாராவது தும்மினால், மத்தியானத்துக்குள் கடைசிப் பண்ணையில் அவருக்கு நிமோனியா.

போன தடவை மாசமானபோது ஹாரனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே எல்லாம் நடந்தது. டார்ச் ஒரு மாசமும் கொஞ்சமும் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். தட்டு தூக்கினாள். முறை வந்தபோதெல்லாம் புகையறைக்கும் போனாள். புகையறை என்பது, முட்டைகளை மெஷினுக்குள் அனுப்புவதற்கு முன்னால் கிருமி போக மருந்துப்புகை போடும் இடம். புகை போட்டு முடிந்ததும் யாராவது ஒருத்தர் கதவைத் திறந்து தள்ளுவண்டிகளை வெளியே இழுக்க வேண்டும். கண் எரியும், தொண்டை கரிக்கும், முகத்துக்குத் துணி கட்டினாலும் மூக்குக்குள் ஊசி குத்தும். வேண்டாம் என்று சொல்லக் காரணம் வேண்டும். காரணத்தைச் சொல்லக்கூடாது. ஆகவே போனாள்.

பிறகு ஒருநாள் அது நிற்காமல் போய்விட்டது. இது யார் தப்பும் இல்லை, நிறையப் பேருக்கு நடக்கிறது, புகையா வேறெதாவதா என்று யாராலும் சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரியில் பொறுமையாகத்தான் சொன்னார்கள். வேலையில் என்ன சொல்வது? வயிற்றுப்போக்கு என்று அத்தை சொல்லிவிட்டாள். திரும்பி வந்த அன்றைக்கு ஹாரன் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வாசலில் நின்று, “குழாயம்மா வந்தாச்சு, எல்லாரும் வழி விடுங்க” என்று கூவினான். கூடமே சிரித்தது. ரொம்ப நாளைக்குக் குழாயம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கெட்ட ஜனங்கள் இல்லை. தெரியாது, அவ்வளவுதான். டார்ச்சும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு இருட்டறைக்குப் போய், தட்டில் வந்த ரத்த வளையங்களை எடுத்து இடது பக்கம் வைத்தாள்.

இந்தத் தடவை அவள் சிரிக்கத் தயாராக இல்லை.

புகையறை முறை வந்தது. சூப்பர்வைசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்றைக்கு டார்ச் என்றார். அவர் எதைச் சொன்னாலும் முதலில் செருமுவார். செருமல்தான் உத்தரவு, மற்றது விளக்கம்.

“நான் போகமாட்டேன் சார்” என்றாள்.

“ஏன், உடம்பு சரியில்லையா?”

அவர் நல்லெண்ணத்தோடு ஒரு கதவைத் திறந்து வைத்தார். ஆமாம் என்றால் போதும். குஞ்சு எண்ணும் அறையின் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அத்தை இரண்டு கையிலும் குஞ்சுகளோடு நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“உடம்பு நல்லாத்தான் இருக்கு சார். மாசமா இருக்கேன்.”

சூப்பர்வைசர் இரண்டு தடவை செருமினார். உத்தரவு எதுவும் வரவில்லை.

“எத்தனை மாசம்மா?”

“மாசமே ஆகல சார். வாரக்கணக்குதான்.”

“இவ்வளவு சீக்கிரம் யாரும் சொல்லமாட்டாங்களே.”

“சொல்லாம இருந்தா இவ்வளவு சீக்கிரமாவே புகையறைக்கு அனுப்பிடுவீங்களே சார்.”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாலு பெண் பெற்றவர்தான். ஆனால் அந்த நாலும் ஐந்தாம் மாசத்துக்குப் பிறகுதான் அவருக்குத் தெரியவந்தன போலிருக்கிறது. சரி, இனி உனக்குப் புகையறை வேண்டாம், தட்டும் தூக்காதே, விளக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போடச் சொல்கிறேன் என்றார். கேட்டால் கிடைக்கிற விஷயமாகத்தான் இருந்திருக்கிறது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

அன்றைக்கு அத்தையின் எண்ணிக்கை அவள் ஆயுளில் முதல்முறையாகத் தப்பியது. ஒரு பெட்டியில் ஒரு குஞ்சு கூடுதலாகப் போயிற்று.

டார்ச் அதோடு விடவில்லை. நேராக வேனுக்குப் போனாள். ஹாரன் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, நான் மாசமா இருக்கேன். எல்லாருக்கும் நீங்களே சொல்லிடுங்க. ஒவ்வொருத்தரா சொல்லிக்கிட்டு இருந்தா நடுநடுவுல வாந்தி வந்துடுது.”

ஹாரன் கயிற்றை விட்டுவிட்டான். செய்தி என்பதைத் திருடித்தான் அவனுக்குப் பழக்கம். கையில் கொண்டுவந்து கொடுத்தால் அதை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“ரகசியமா தங்கச்சி?”

“இல்லண்ணே.”

“அப்ப எப்படிச் சொல்றது?” என்று நிஜமாகவே கவலைப்பட்டான்.

வீட்டில் அத்தை அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நிறுத்திவிட்டாள் என்றால் மகன் வழியாகப் பேசினாள். அவர்கள் வீடு டயர்கடை மாடியில் இரண்டு அறை. மூன்று பேரும் கை நீட்டினால் ஒருத்தர் மேல் ஒருத்தர் படும் இடத்தில், “அவளைச் சாப்பிடச் சொல்லு”, “அவளுக்குத் திமிரு ஜாஸ்தின்னு சொல்லு”, “தலைமாட்டுல பிஸ்கட் வச்சிருக்கேன், எழுந்ததும் வெறும் வயித்தோட நடக்காம தின்னச் சொல்லு” என்று அவன் தலைக்கு மேலாகச் செய்தி போய்க்கொண்டிருந்தது. அவன் பாவம், ஒன்றையும் திருப்பிச் சொல்லாமல் இரண்டு பக்கமும் தலையாட்டினான்.

வாந்தி காலையில் மட்டும்தான் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தச் சேதி அவள் வயிற்றுக்குப் போய்ச் சேரவில்லை. அது ஷிப்டு பார்க்காமல் வந்தது. வெங்காயம் வதங்கினால் வந்தது. சோப்பு வாசத்துக்கு வந்தது. புருஷன் பக்கத்தில் வந்தால் கட்டாயம் வந்தது, அவன் தலையெல்லாம் குஞ்சு ரோமம். அவன் இரண்டு முறை குளித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கதவோரம் நிற்பான். மூன்றாம் முறையும் குளிக்கப் போகும்போது, “மாசமா இருக்கிறது அவனா இவளான்னு தெரியல” என்று அத்தை காற்றிடம் சொல்லுவாள். உலகத்தில் ஒரே ஒரு வாசம்தான் டார்ச்சுக்குப் பிடித்தது. புது டயர் வாசம். மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, ரப்பரை மூச்சு மூச்சாக இழுப்பாள். டயர்கடைக்காரர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். அப்புறம் நல்ல டயராக நாலு எடுத்துப் படியோரம் அடுக்கி வைத்தார்.

தூக்கம் இன்னொரு கொடுமை. ஸ்டூலில் உட்கார்ந்தபடி, கையில் முட்டையோடு, விளக்கைப் பார்த்துக்கொண்டே தூங்கினாள். முட்டை மட்டும் விழவில்லை. மார்பு வலித்தது, காரணமில்லாமல் கண் கலங்கியது, நிமிஷத்துக்கொரு தரம் ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. வயிறு மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி தட்டையாக இருந்தது. பார்க்கிறவர்களுக்கு நடிப்பு என்றே தோன்றியிருக்கும். தோன்றவில்லை என்றால் அதற்குக் காரணம், எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான். புதிதாக மெஷினில் ஏற்றிய முட்டைகளை முதல் வாரம் குலுக்கக்கூடாது, தூக்கிப்போடக்கூடாது என்பது கூடத்தின் விதி. அதை அப்படியே அவளுக்குப் போட்டுவிட்டார்கள். அவள் நடந்தால் தள்ளுவண்டிகள் ஓரம் கட்டின. ஹாரன் அவளை வீட்டில் விட வேனில் ஏற்றிக்கொண்டு, சைக்கிள்காரர்கள் திட்டிக்கொண்டே முந்திப்போகும் வேகத்தில் ஓட்டினான். கூச்சமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

பிறகு ஸ்கேன் வந்தது.

அந்த அறையும் இருட்டறைதான். படுத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் மழைமேகம் மாதிரி ஏதோ நகர்ந்தது. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, அவரைக்கொட்டை அளவுக்கு. அதற்குள் நரம்பில்லை, நிழலில்லை, ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா பேச ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, படுக்கையில் இருந்த டார்ச்சின் கை தானாக எழுந்து இடது பக்கம் போனது. கைக்கு அது வேலை. பார்த்தாள், வெத்து, இடது பக்கம்.

பை தெரிகிறது, உள்ளே துடிப்பு இன்னும் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. தேதி முன்னே பின்னே இருக்கலாம், கரு பிந்திப் பிடித்திருக்கலாம், இப்போது ஒன்றும் முடிவு பண்ண வேண்டாம், ரத்தப்போக்கோ கடுமையான வலியோ வந்தால் உடனே வா, இல்லாவிட்டால் ரெண்டு வாரம் கழித்துப் பார்ப்போம்.

“இருக்கா இல்லையா டாக்டர்?”

“இன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாதும்மா.”

வெளியே வந்ததும் புருஷனிடம், “வெத்து” என்றாள்.

அவன் நடுத்தெருவில் நின்றுவிட்டான். “டாக்டர் அப்படிச் சொன்னாங்களா?”

“நான் சொல்றேன். நான் பாக்காத முட்டையா?”

பின்னால் வந்த வண்டி அவனைத் திட்டிக்கொண்டே ஒதுங்கிப்போனது. அவன் நகரவில்லை. அவன் அவளை எதிர்த்துப் பேசிப் பழக்கப்பட்டவன் இல்லை. வார்த்தைகளை ஒவ்வொன்றாக எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்தான்.

“மெஷின் பழுதாயி நின்னுச்சே, ஞாபகம் இருக்கா. ஒரு தள்ளுவண்டி பிந்தி ஏத்தினோம். எல்லாத்தோடயும் சேத்து உன்கிட்ட வந்துடுச்சு. பாத்த, வெத்து வெத்துன்னு தட்டு தட்டா இடது பக்கம் வச்சிட்டே. நான்தான் ஓடிவந்து கத்தினேன், அது பிந்தி வச்சதுன்னு. குப்பைத்தொட்டியில கொட்டப்போறதைப் பிடுங்கித் திரும்ப உள்ள வச்சோம்.”

“சரி.”

“உன் கண்ணுல தப்பில்ல. நாள்தான் தப்பு. இப்பவும் நீ அதையே செய்யிற.”

அவள் நடக்க ஆரம்பித்தாள்.

“அதெல்லாம் பொரிச்சுச்சா?” என்று கேட்டாள்.

அவன் பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு வராது. “எல்லாம் இல்ல. நிறைய பொரிச்சுச்சு” என்றான்.

வீட்டில் அத்தைக்குப் பேச்சு திரும்பிவிட்டது, நேராகவே. நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள், என்ன சொல்லப்போகிறாய்? இதற்குத்தான் படித்துப் படித்துச் சொன்னேன். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, குச்சி தப்பாகக் காட்டிவிட்டது, வெறும் வாயுக்கோளாறு என்று சொல்லிவிடு, நானே ஹாரனிடம் சொல்கிறேன் என்றாள்.

“போன தடவை வயித்துப்போக்கு. இந்தத் தடவை வாயு. என் புள்ளைங்களுக்கு நீங்க நல்லா பேரு வைக்கிறீங்க அத்தை” என்றாள் டார்ச்.

அத்தை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புருஷன் குளிக்கப் போய்விட்டான்.

மறுநாள் டீ நேரத்தில் எல்லோரும் கழுவிய தட்டுகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹாரன்தான் கேட்டான், என்ன தங்கச்சி, படம் பிடிச்சாங்களா, ஒண்ணா ரெண்டா என்று. அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அதற்குள் டார்ச் பேச ஆரம்பித்துவிட்டாள். இருட்டறையில் முட்டை பார்க்கிற அதே குரல்தான், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

“பை இருக்கு. துடிப்பு இன்னும் தெரியல. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கணும். இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். அதுவரைக்கும் நான் மாசமாத்தான் இருக்கேன்.”

அவள் தன் டம்ளரைத் தரையில் வைத்தாள்.

“இன்னொண்ணும் சொல்லிடறேன். போன வருஷம் எனக்கு வயித்துப்போக்கு இல்ல. புள்ளை நிக்காம போச்சு. நீங்க குழாயம்மான்னு கூப்பிட்டப்போ நானும் சிரிச்சேன். இந்தத் தடவை நிக்கலேன்னா நான் சிரிக்கமாட்டேன். இங்கேயே உக்காந்து அழுவேன், உங்க எல்லார் முன்னாடியும். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா இருக்கட்டும். இப்பவே சொல்லி வச்சிட்டேன்.”

தட்டு கழுவுகிறவள் முகத்தைச் சேலைத்தலைப்பில் புதைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் செருமப் பார்த்தார், வரவில்லை. ஹாரன் எழுந்து வேனுக்குப் போனான். பெட்டி ஏதும் ஏற்றாமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய், வெகுநேரம் கழித்து வந்தான். வந்தவன் அவள் முன்னால் நின்றான்.

“எலுமிச்சம்பழம் வேற வாங்கிட்டு வந்து நின்னேனே தங்கச்சி” என்றான் கடைசியில்.

“நல்ல பழம்தான் அண்ணே. புளிச்சுது” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நகரவில்லை, தவழ்ந்தன. வாந்தி குறைந்தால் பயம், கூடினால் நிம்மதி. ஒருநாள் வெங்காய வாசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கலங்கிப்போய், அடுப்படியில் குனிந்து சட்டிக்குள்ளேயே மூக்கை விட்டாள். வாந்தி வந்தது. அப்பாடா என்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

விடுமுறை நாளின் மத்தியானத்தில் மாடிப்படியின் கடைசிப் படியில் டயர் வாசத்தில் உட்கார்ந்திருந்தபோது அத்தை இறங்கி வந்தாள். ஒரு படி மேலே உட்கார்ந்தாள். டயர் நாற்றம் தாங்காமல் முகத்தைச் சுளித்தாலும் எழுந்து போகவில்லை.

“எனக்கு இவன் முதல் புள்ளை இல்ல” என்றாள்.

டார்ச் திரும்பவில்லை. திரும்பினால் பேச்சு நின்றுவிடும் என்று தெரிந்தது.

“இவனுக்கு முன்னாடி ஒண்ணு. எனக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். தெரு முழுக்கச் சொன்னேன். குழாயடியில, கடையில, பால்காரன்கிட்டகூட. அப்புறம் நிக்கல. சொன்னவங்ககிட்ட எல்லாம் திரும்பச் சொல்லணும்ல. யார் யார்கிட்டன்னு போய்ச் சொல்றது? ஒவ்வொருத்தரா கேக்கறாங்க. எத்தனாவது மாசம், எப்ப, வயிறே தெரியலையேன்னு. ஒருத்தி வெளியூர் போயிட்டு ஒரு வருஷம் கழிச்சு வந்தா. குழந்தையத் தூக்கிட்டு வா பாக்கலாம்னா. நடுரோட்டுல, எல்லாரும் இருக்காங்க. நான் தூங்குதுன்னு சொன்னேன்.”

டயர்கடையில் காற்றடிக்கும் மெஷின் ஓடி நின்றது.

“தூங்குதுன்னு ஏன் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.”

“அப்புறம் யார்கிட்ட அத்தை அழுதீங்க?”

“அழுதா ஏன்னு கேப்பாங்களே” என்றாள் அத்தை, இதுகூடத் தெரியாதா என்கிற தொனியில்.

டார்ச் பின்னால் சாய்ந்து, அத்தையின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். அத்தை தள்ளிவிடவில்லை. தலையில் பேன் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணினாள்.

“நான் சொல்லாதேன்னது உன்னை அடக்கறதுக்கு இல்லடி.”

“தெரியுது. ஆனா எனக்கு நடந்தது வேற. உங்களைக் கேட்டுக் கேட்டுக் கொன்னாங்க. எனக்குக் கேக்க ஆளே இல்ல.”

அத்தை இல்லாத பேனை நகத்தில் வைத்து நசுக்கினாள். “சரி. இனிமே கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்றேன். எதுவா இருந்தாலும். நீ வாயைத் திறக்காதே. நீ திறந்தா ஊரே அழுவுது.”

சொன்னபடியே செய்தாள். யாராவது டார்ச்சின் வயிற்றுப் பக்கம் பார்வையைத் திருப்பினால் போதும், கையில் குஞ்சோடு குறுக்கே வந்து நிற்பாள். இன்னும் தெரியல, தெரிஞ்சா சொல்லுவோம், போய் வேலையப் பாரு. டயர்கடைக்காரர் வாயெடுப்பதற்குள்ளேயே பதில் வந்து விழுந்தது. அவர் கேட்க வந்தது வாடகையைப் பற்றி.

இரண்டாவது ஸ்கேனுக்கு மூன்று பேரும் போனார்கள். ஹாரன் வேனில் கொண்டுவந்து விட்டான். பின்னால் அன்றைக்குப் போகவேண்டிய குஞ்சுகள் பெட்டி பெட்டியாகக் கத்திக்கொண்டிருந்தன. கிளம்புடா என்று அத்தை சொன்னாலும் அவன் கிளம்பவில்லை. உள்ளே ஒருத்தர்தான் போகலாம் என்று நர்ஸ் வாசலிலேயே மற்றவர்களை நிறுத்திவிட்டாள். புருஷன் சுவரோரம் போய் நின்றான். பெஞ்சில் உட்கார்ந்த அத்தை எதிர்ச்சுவரில் ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே இருட்டு, அதே படுக்கை. டார்ச் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். இன்றைக்கு எதுவும் எந்தப் பக்கமும் போக வேண்டாம்.

டாக்டரம்மா கருவியை ஒரு பக்கம் சாய்த்தார், இன்னொரு பக்கம் சாய்த்தார். கறுப்புப் பொட்டு பெரிதாகியிருந்தது. அதன் ஓரத்தில் அரிசி மாதிரி என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. டார்ச் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். அரிசியின் நடுவில் என்னவோ சிமிட்டிக்கொண்டிருந்தது. தன் கண்தான் துடிக்கிறதோ என்று பார்வையை விலக்கினாள். திரும்பப் பார்த்தாள். அவள் பார்க்காதபோதும் அது சிமிட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

“இதோ துடிப்பு” என்றார் டாக்டரம்மா. “நல்லா இருக்கு. ஆனா இன்னும் ஆரம்பம்தான். மூணு மாசம் தாண்டற வரைக்கும்…”

“தெரியும் டாக்டர். வெளியில எங்க அத்தை இருக்காங்க. கூப்பிடுங்க.”

“ஒருத்தர்தான் வரலாம்” என்றாள் நர்ஸ். “படம் எடுத்துத் தருவோம், அதைக் காட்டிக்கோங்க.”

“படத்துல துடிக்காதே.”

நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவங்க வந்து பாக்காம நான் எழுந்திருக்கமாட்டேன்” என்றாள் டார்ச். கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அத்தையை அழைத்துவந்தார்கள். அவள் வாசலைத் தாண்டி ஓரடி வைத்ததும் நின்றுவிட்டாள். எனக்கு வேண்டாம், நான் பாக்கல, நீ பாத்தியே போதும் என்று முனகினாள். நர்ஸ் அவள் தோளைப் பிடித்து மெல்லத் திரைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அத்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள்.

“தொறங்க அத்தை.”

திறந்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை, எங்கே எங்கே என்றாள். நர்ஸ் விரலால் தொட்டுக் காட்டினாள். அத்தையின் உதடு அசைந்தது. குஞ்சுகளை அள்ளுகிறபோது அசைகிற மாதிரியே, ஒவ்வொரு துடிப்புக்கும் அசைந்தது. அது அவள் எண்ணுகிற வேகத்தை முந்திக்கொண்டு ஓடியது. கொஞ்சநேரத்தில் எண்ணுவதை விட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாத்தாச்சா பாட்டிம்மா?” என்றாள் நர்ஸ். “வெளியில நிறையப் பேரு காத்திருக்காங்க.”

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இருக்கட்டும்மா” என்றாள். “நாங்களும் காத்திருந்துதான் வந்திருக்கோம்.”